துவைக்கிற கல்லின் மேல் நின்றவனுக்கு

தம்பி,

நீ அனுப்பிய வாஷிங் மெஷின் போன திங்கட்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து பின்பக்கம் கிணற்றடி ஓரமாக இறக்கினார்கள். உன் அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். தூசி படக்கூடாதாம். துணி துவைக்க வந்த மெஷினுக்கே துணி போர்த்திய முதல் ஆள் இவளாகத்தான் இருக்க வேண்டும். அதை நிறுத்துவதற்குத் துவைக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டுத் தரை போட்டால் சரியாக இருக்கும் என்று கொத்தனார் சொன்னார். மறுநாள் காலை கடப்பாரையோடு வந்தும் விட்டார். நான் போய்க் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இன்னிக்கு வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். கொத்தனார் உன் அம்மாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "கல்லு மேல என்னங்க திடீர்னு இவ்ளோ பாசம்? இத்தனை வருஷத்துல நீங்க அதுல ஒரு கர்ச்சீப்பாவது கசக்கியிருப்பீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். கொத்தனார் முன்னால் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அதனால் காப்பி கேட்டேன்.

மெஷின் வருவதற்கு முந்தின நாள்தான் நீ ஈரோட்டிலிருந்து போன் பண்ணியிருந்தாய். மில்லில் சாயப் பிரிவுக்கு உன்னைப் பொறுப்பாளராகப் போடுகிறார்கள், பாய்லரும் சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற தொட்டிகளும் உன் கையில் வரும், பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். உன் குரலில் ஆசை இருந்தது. எனக்கு அது நன்றாகவே கேட்டது. முப்பது வருடமாக வாடிக்கையாளரின் குரலை வைத்தே எந்தப் புடவையில் மனசு ஒட்டிவிட்டது என்று கண்டுபிடிக்கிறவன் நான். ஆனால் அடுத்த நிமிஷமே நீ சிரித்துக்கொண்டு, "வேண்டாம்னு சொல்லிடப் போறேம்பா. அஞ்சு வயசுல போகி நெருப்புல குதிச்சவன்கிட்ட யாராவது பாய்லரைக் குடுப்பாங்களா?" என்றாய். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா போனைப் பிடுங்கி, "அதெல்லாம் உனக்குச் சரிப்படாதுடா கண்ணா, ஆபீஸ்லயே உக்காந்து வேலை பாரு" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இந்தக் கடிதம். இதை முழுக்கப் படித்த பிறகு மில்லுக்குப் பதில் சொல். அதற்கு முன்னால் சொல்லிவிடாதே.

கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். கடைக்காரன் பழக்கம், பத்துப் புடவையை விரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவது. கீழ்க்கட்டளையில் ஏரிக்குக் கீழே நமக்கு இருந்த நிலம் வீட்டு மனையாகப் போன பிறகு நான் தாம்பரம் மார்க்கெட்டில் ஜவுளிக் கடை வைத்தேன். முதலில் சுங்குடி, கைத்தறி, நாலு முழ வேட்டி என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு நைலானும் பாலியஸ்டரும் வந்தன. அந்தச் சரக்கை மாதிரி ஒரு சரக்கை நான் கண்டதில்லை. ரயில் பிடித்து வேலைக்குப் போகிற பெண்கள் அதற்காகவே வந்தார்கள். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், இரவு அலசிப் போட்டால் காலையில் கட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். நான் கவுண்டரில் நின்றுகொண்டு, "கசங்காதும்மா, சாயம் போகாதும்மா, நீங்க சலிச்சுப் போவீங்களே தவிர புடவை சலிச்சுப் போகாது" என்று அடித்துவிடுவேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். வியாபாரத்தில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இது ஒன்று மட்டும் சத்தியமான உண்மையாக இருந்தது. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

நம் வீட்டில் ஒரு நூல் புடவை எப்படி வாழ்ந்து முடியும் என்று நீயே பார்த்திருக்கிறாய். உன் அம்மா நாலைந்து வருஷம் கட்டுவாள். கிழிந்தால் அதில் உனக்குத் தூளி. தூளிக்குப் பிறகு தலையணை உறை, அதற்குப் பிறகு அடுப்படியில் கரித்துணி, கடைசியில் வாசல் மிதியடி, அப்புறம் முருங்கை மரத்தடியில் மண்ணோடு மண். பாலியஸ்டருக்கு அந்த வழி ஒன்றுமே ஒத்துவரவில்லை. தூளி கட்டினால் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது. கரித்துணியாகப் பிடித்தால் சோற்றுப் பானையின் சூட்டுக்கு உருகிக் கையோடு வந்தது. தரை துடைத்தால் தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளியதே தவிர உறிஞ்சவில்லை. போதாததற்கு ஜாக்கெட் பிட் வேறு. நவராத்திரி, வளைகாப்பு, கல்யாணம், எதற்குப் போனாலும் வெற்றிலை பாக்கோடு ஒரு பாலியஸ்டர் ஜாக்கெட் பிட் வைத்துக் கொடுப்பார்கள். யாரும் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டதில்லை. வாங்கியவள் அடுத்த வீட்டுக்கு வைத்துக் கொடுப்பாள். ஒரு தடவை உன் அம்மா கிளிப்பச்சையில் ஒரு பிட்டை மடிப்பாக்கத்தில் கொடுத்துவிட்டு வந்தாள், அது எட்டு மாதம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அவள் மஞ்சள் தடவிக் கொடுத்த அதே முனையோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்தது. நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துவிட்டு அதை ட்ரங்குப் பெட்டியில் போட்டாள். அந்தப் பெட்டி ஒரு நாள் மூட முடியாமல் போயிற்று.

அப்படித்தான் எண்பத்தொன்றாம் வருஷப் போகி வந்தது. உனக்கு ஐந்து வயது. ட்ரங்குப் பெட்டியில் இருந்த ஜாக்கெட் பிட்டுகளையும், கடையில் விற்காமல் தங்கிப்போன நைலான் கட் பீஸ்களையும் நான் ஒரே மூட்டையாகக் கட்டினேன். போகிக்குப் பழையதைத்தான் எரிப்பார்கள். ஒரு தடவைகூட உடம்பில் படாத புதுத் துணியை எரிக்கக் கட்டி வைத்தவன் நம் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விடியற்காலை, கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை. பனி. தெரு முழுக்கப் பிள்ளைகள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உனக்கும் ஒரு சின்ன மேளம் வாங்கித் தந்திருந்தேன். பின்பக்கம் கிணற்றடியில் பழைய பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் போட்டு நெருப்பு மூட்டினேன். உன்னைத் தூக்கித் துவைக்கிற கல்லின் மேல் நிறுத்தி, "நான் இறங்கச் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றேன். நீ தலையாட்டிவிட்டு மேளத்தை அடிக்க ஆரம்பித்தாய்.

அப்போதுதான் பாத்திரக்காரப் பவுனம்மா பின்பக்கச் சந்து வழியாக வந்தாள். உனக்கு அவளை நினைவிருக்காது. பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவள். வாங்கிய துணியில் நல்லதைப் பிரித்து விற்றுவிட்டு, மிச்சத்தைப் பல்லாவரம் பட்டறைகளுக்கு எண்ணெய் துடைக்கக் கொடுப்பாள். போகியன்று மட்டும் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள், நெருப்புக்குப் போகிற துணியில் பாதியையாவது கூடைக்குத் திருப்பிவிடலாம் என்று.

"சார், கொளுத்திடாத சார். வேட்டி, பாவாடை இன்னா கீதோ இப்டி குடு. ஒரு தூக்கு தர்றேன்."

நான் மூட்டையைக் காலால் அவள் பக்கம் தள்ளினேன். "எல்லாம் புதுசு. ரெண்டு தூக்கு குடு."

அவள் குந்தி உட்கார்ந்து ஒரு பிட்டை எடுத்து விரலிடையில் தேய்த்தாள். மோந்துகூடப் பார்த்தாள். பிறகு மூட்டையை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். "இது வாணாம் சார். இது ஒன்னியத்துக்கும் ஆவாது. பட்டறைக்காரன் தொடமாட்டான், எண்ணெயக் குடிக்காது. நீ நெருப்புல போட்டாலும் ஒழுங்கா எரியாது சார், உருகி உருகி ஊத்தும். எங்க வூட்டாண்ட ஒருத்திக்குக் கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. புள்ளைய அப்பால நிக்க வையி."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. தாம்பரம் மார்க்கெட்டில் பெரிய கடை வைத்திருக்கிறவனுக்குப் பழந்துணி பொறுக்குகிறவள் துணியைப் பற்றிப் பாடம் எடுப்பதா? "துணியைப் பத்தி எனக்கே சொல்லித் தரியா? போய் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கட்டும் என்றே மூட்டையை அப்படியே தூக்கி நெருப்பில் போட்டேன்.

எரியவில்லை. கரும்புகை எழும்பியது, நடுவில் மூட்டை சுருங்கிச் சுருங்கிக் குமைந்தது. காற்று போனால் பிடிக்கும் என்று ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டு நெம்பித் தூக்கினேன். தூக்கியதும் குப்பென்று பிடித்தது. கழி முனையில் எரிகிற துணி தொங்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தீயாகவே ஊற்றியது. நான் பதறி அதைத் தூரப் போடலாம் என்று வீசினேன். எந்தப் பக்கம் வீசுகிறேன் என்று பார்க்கவில்லை. நான் வீசிய பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். கல்லின் மேல் ஐந்தாறு சொட்டு விழுந்தது. ஒன்று உன் இடது புறங்காலில் விழுந்தது. நூல் துணியின் பொறியாக இருந்தால் பட்டுவிட்டு உதிர்ந்திருக்கும். இது அரக்காக ஒட்டிக்கொண்டு எரிந்தது.

உன் மேளம்தான் கீழே விழுந்தது. நீ இறங்கவில்லை. வீறிட்டு அழுதுகொண்டு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே நின்றாய். பவுனம்மாதான் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து உன்னைத் தூக்கி, கிணற்றடித் தொட்டியில் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வெந்நீர் போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா ஓடி வந்து, "என்னங்க ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கத்தினாள். "நெருப்புல குதிச்சுட்டான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, தம்பி. வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன், எடுக்கவில்லை. பயத்தில் வந்த கோபத்தோடு உன் அம்மா, காலில் தோல் உரிந்து நிற்கிற பிள்ளையின் முதுகில் பளாரென்று ஓர் அடி வைத்தாள். நீ விக்கிக்கொண்டே, "நான் கல்லு மேலதாம்மா நின்னேன்" என்றாய். "அப்போ அப்பா பொய் சொல்றாரா?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் கிணற்றைப் பார்த்தேன். பவுனம்மாவும் என்னைப் பார்த்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் வாசலில் வந்து, "புள்ள காலு எப்டி கீது சார்?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஒரு கேள்வியே தாங்கவில்லை. அன்று மாலை உன் அம்மாவிடம், "அவ குடுக்கற தூக்கெல்லாம் ஒட்டுப் போட்டது, இனிமே அவகிட்ட எதையும் போடாதே" என்றேன். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னேன். இரண்டு மாதத்தில் பவுனம்மா நம் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் கொடுத்த தூக்கில்தான் உன் அம்மா இன்றுவரை பால் வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு பொட்டு ஒழுகியதில்லை. உன் கால் காரியத்தைவிட இதைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் கூசுகிறது. முதலாவது கை தவறிச் செய்தது. இதை நன்றாகத் தெரிந்தே செய்தேன்.

பிறகு நீ வளர வளர அந்தப் பொய்யும் கூடவே வளர்ந்தது. உறவுக்காரர் கல்யாணம் எதற்குப் போனாலும் உன் காலைக் காட்டி, "போகி நெருப்புல குதிச்ச வீரன் இவன்தான்" என்று சிரிப்பார்கள். முதலில் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். எட்டு, ஒன்பது வயதில் நீயும் கூடச் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். பத்து வயதில் நீயே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாய், எந்தக் காலை முதலில் வைத்தாய் என்பது உட்பட. அதைக் கேட்டுக்கொண்டு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு உனக்குக் கம்பி மத்தாப்பு மட்டும், அதுவும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. சைக்கிள் கிடைக்க பிளஸ் டூ வரை காத்திருந்தாய். பட்டறை வேலை படிக்க ஐ.டி.ஐ. போகிறேன் என்று நீ கெஞ்சியபோது, "உன் அவசர புத்திக்கு மெஷின் பக்கமா?" என்று அம்மா மறுத்தாள். நான் உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கெமிஸ்ட்ரி படிக்கட்டும் என்று சமரசம் பேசி, நான் ஏதோ உன் பக்கம் நின்றவன் மாதிரி நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன். நீ அவசர புத்திக்காரன் என்று நீயே நம்பிவிட்டாய். உன்னைவிட நிதானமான பிள்ளையை நான் பார்த்ததில்லை, தம்பி. பில் போட உட்கார்ந்தால்கூட மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறவன் நீ.

கடை என்னவோ நன்றாகத்தான் ஓடியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுத்தவர்கள் ஆடித் தள்ளுபடிக்கும் எடுத்தார்கள், பிறகு காரணமே இல்லாமல் எடுத்தார்கள். ஒரு ஐப்பசி மழையில் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதே, உனக்கு நினைவிருக்கும், காகிதக் கப்பல் விட்டாய். ஏரிக்குப் போகிற கால்வாய் அடைத்துக்கொண்டது. ஆட்கள் கொக்கியை விட்டு இழுத்தபோது சேற்றோடு சேர்ந்து கயிறாக முறுக்கிக்கொண்டு துணிதான் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதில் ஒருத்தன் ஒரு புடவையை மழைத் தண்ணீரில் அலசி விரித்து, "இன்னா சார், உங்க கடைப் பொடவை மாரியே கீது?" என்றான். நம் கடைதான். ஊதாவில் மஞ்சள் மாங்காய், நானே பண்டல் பிரித்து அடுக்கிய டிசைன். எத்தனை வருஷம் சேற்றில் கிடந்ததோ, கசங்கவில்லை, சாயம் போகவில்லை. கவுண்டரில் நான் கொடுத்த வாக்கை அது காப்பாற்றியிருந்தது. கூட்டத்தோடு நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். போகிப் புகையும் வருஷா வருஷம் அப்படித்தான் கறுத்தது. இப்போதெல்லாம் அன்று காலை பல்லாவரம் ரோட்டில் பஸ்காரர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வருகிறார்கள். டயரும் எரிக்கிறார்கள், நான் விற்றதும் எரிகிறது.

கல்லுக்கு வருகிறேன். அன்று விழுந்த சொட்டுகள் அதில் அப்படியே இருக்கின்றன. ஐந்து கறுப்புப் பொட்டுகள். ஆறாவது விழுந்தது உன் காலில். உன் அம்மா முதல் வருஷம், "எந்தப் பாவி இதுல தாரைக் கொட்டினான்" என்று செங்கல்லால் தேய்த்தாள், அரிவாள்மணையால் சுரண்டினாள். பிறகு விட்டுவிட்டாள். பதினெட்டு வருஷமாக அதன் மேலேயே தினமும் துணியை அடித்துத் துவைத்திருக்கிறாள். கல் தேய்ந்து நடுவில் குழிந்துவிட்டது, பொட்டுகள் தேயவில்லை. நெருப்புக்கும் கல்லுக்கும் நடுவே பத்தடி இருக்கும். குதித்தவன் காலில் படுவதென்றால் சொட்டு எதற்காக அங்கே கிடக்கிறது என்று யார் யோசித்தாலும் விளங்கிவிடும். யாரும் யோசிக்கவில்லை, நான் மட்டும் அந்தப் பக்கம் போகாமலே இருந்தேன். கொத்தனார் கடப்பாரையோடு வந்தபோது ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாகக்கூட இருந்தது. உடைத்துக்கொண்டு போகட்டும், தொல்லை விட்டது என்று. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்து போய்க் கல்லுக்கு முன்னால் நின்றேன்.

மறுநாள் பவுனம்மாவைத் தேடிக்கொண்டு போனேன். பம்மலில் விசாரித்து, அங்கே சொன்ன வழியில் போய், கடைசியில் திருமுடிவாக்கத்தில் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கண்டுபிடித்தேன். ஐந்தாறு பெண்களோடு உட்கார்ந்து பனியன் துண்டுகளைக் கிழித்து எண்ணெய் துடைக்கக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. பாலியஸ்டரைத் தனியாக ஒரு மலையாக ஒதுக்கி வைத்திருந்தாள், வாங்குவாரில்லாமல். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியுது சார். கல்லு மேல நின்ன புள்ளையோட நைனா தானே? இன்னா பண்ணுது புள்ள? கண்ணாலம் ஆச்சா?"

கல்லின் மேல் நின்ற பிள்ளை. இந்தப் பதினெட்டு வருஷத்தில் உன்னைச் சரியான பெயரில் நினைவு வைத்திருந்தது அவள் ஒருத்திதான். "உன் தூக்கு ஒட்டுப் போட்டதுன்னு தெருவுல சொன்னது பொய்யம்மா, என்னை மன்னிச்சுடு" என்றேன். அவள் ஒரு பனியன் துண்டை நீளமாகக் கிழித்தாள். "அத்த உட்டுத் தள்ளு சார். ஒரு தெரு போனா இன்னொரு தெரு. நாங்கூட அன்னிக்கே அம்மாவாண்ட சொல்லிகீலாம், வாய மூடிகினு வந்துட்டேன். புள்ளையாண்ட சொன்னியா நீ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எங்கைல இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்குற? போ சார், போய் அதாண்ட சொல்லு" என்றாள்.

நேற்று மாலை உன் அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பொட்டுகளைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. குனிந்து ஒவ்வொரு பொட்டாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "அடிச்சேனேங்க அந்தப் புள்ளைய. சொல்லிச்சேங்க, கல்லு மேலதான் நின்னேன்னு சொல்லிச்சே" என்றாள். அப்புறம் அழுதாள். இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. காப்பியை மட்டும் மேஜையில் டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். எனக்கு வேண்டியதுதான்.

நாளையிலிருந்து கடையில் பாலியஸ்டரே கிடையாது என்று உனக்கு வீரம் பேசி எழுத எனக்கு வாய் வரவில்லை. நூல் துணி வாங்க முடியாதவர்களும் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால், "எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்மா" என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். இரண்டு எடுக்கிறவர்களிடம் ஒன்று போதுமே என்று சொல்லிப் பார்க்கிறேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். வைத்துக் கொடுக்க ஜாக்கெட் பிட் கேட்டால், ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுங்களேன் என்கிறேன். நீயும் துணி எடுக்கும்போது, இது கிழிந்த பிறகு எங்கே போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்து எடு. இந்தப் போகிக்குப் பின்பக்கம் நெருப்பு கிடையாது. பழைய வேட்டியும் புடவையும் திருமுடிவாக்கத்துக்குப் போகின்றன, பாலியஸ்டர் மூட்டையை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, பவுனம்மாவுக்கும் தெரியவில்லை. உனக்காவது தெரிகிறதா பார். நீதான் படித்தவன்.

மெஷின் இப்போதைக்குக் கிணற்றடி ஓரமாகவே இருக்கட்டும். கல்லை நீ வந்து பார்க்கிற வரை தொடக் கூடாது என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

பாய்லர் வேலையை எடுத்துக்கொள் என்று உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. அதெல்லாம் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல். ஆனால், நெருப்பில் குதித்தவன் என்ற காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லாதே. அந்தக் காரணம் உன்னுடையது இல்லை, என்னுடையது. மில்லில் அவர்கள் சாயத் தண்ணீரை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் தேடுகிறார்கள். காலில் நெருப்பு ஒட்டிக்கொண்டு எரிந்தபோதும் சொன்ன இடத்தை விட்டு அசையாமல் நின்ற ஓர் ஐந்து வயதுப் பிள்ளையை எனக்குத் தெரியும். அவனைவிடப் பொறுப்பான ஆள் அவர்களுக்குக் கிடைக்க மாட்டான்.

நான் சொல்கிற வரை இறங்கக் கூடாது என்று சொல்லி உன்னை ஏற்றிவிட்டேன். சொல்ல மறந்துவிட்டேன், இல்லை, சொல்லப் பயந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

இறங்கிக்கோடா கண்ணா.

அப்பா